அருவிக்கு மேலே எஞ்சிய மீன்கள்: பழுப்பு ட்ரவுட் பற்றிய முடியாத விவாதம்

நியூசிலாந்திலும் டாஸ்மேனியாவிலும் ஓடைகளின் சொந்த மீன்கள் அருகிப்போனதற்கு, ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட பழுப்பு ட்ரவுட் எவ்வளவு தூரம் பொறுப்பு? இந்தக் கேள்விக்கு நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தூண்டில்காரர்கள் ஒன்று சொன்னார்கள், மீன்வளத் துறையினர் இன்னொன்று சொன்னார்கள். 1980களுக்குப் பிறகு வந்த சூழலியலாளர்கள் இரண்டையும் மறுத்தார்கள். பிறகு தங்களுக்குள்ளேயே பிரிந்தார்கள். இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் 2000-ஆம் ஆண்டையொட்டி வெளியிட்ட ‘உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவிகள்’ பட்டியலில் இந்த மீன் இடம்பெற்றது. நியூசிலாந்தின் 1991-ஆம் ஆண்டு வள மேலாண்மைச் சட்டமோ, ட்ரவுட், சால்மன் ஆகியவற்றின் வாழிடத்தைக் காப்பதில் அதிகாரிகள் தனிக் கவனம் செலுத்த வேண்டும் என்றது.

பதில்கள் இப்படி முரண்படுவதற்கு முக்கியக் காரணம், பதில் சொன்னவர்கள் ஒரே ஆற்றைப் பார்க்கவில்லை என்பதே. சிலர் அகன்ற ஆறுகளைப் பார்த்தார்கள், சிலர் ஏரிகளை, சிலர் ஒரே தாவில் தாண்டிவிடக்கூடிய மலையோடைகளை. அதை மனத்தில் வைத்துக்கொண்டு இந்தக் கட்டுரை அந்த நிலைப்பாடுகளை வரிசைப்படுத்திப் பார்க்கிறது.

மீனும் அது கேட்கும் தண்ணீரும்

சால்மோ ட்ரட்டா என்று லின்னேயஸ் 1758-ல் பெயரிட்ட இந்த மீனின் இயல்பான பரப்பு பெரியது. வடக்கே ஐஸ்லாந்து, தெற்கே மொராக்கோவின் அட்லஸ் மலைகள், கிழக்கே காஸ்பியன் படுகையையும் தாண்டி ஆமு தரியாவின் மேற்பகுதி வரை அது பரவியிருக்கிறது. ஒரே ஓடையில் பிறந்த குஞ்சுகளில் சில அங்கேயே ஒரு சாண் அளவில் வாழ்ந்து முடியும். சில கடலுக்குப் போய் வெள்ளிநிறம் ஏறி, பல மடங்கு பெருத்துத் திரும்பும். இந்த மாறுபாட்டில் குழம்பியவர்கள் ஏராளம். 19-ஆம் நூற்றாண்டில் லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருந்த ஆல்பர்ட் குந்தர் பிரிட்டனுக்குள்ளேயே பல ட்ரவுட் இனங்களைப் பிரித்துக் காட்டினார். அவை அனைத்தும் ஒரே இனம் என்று வாதாடியவர்களில் முக்கியமானவர் பிரான்சிஸ் டே. சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்து, இந்திய மீன்களைப் பற்றிய பெருநூலை எழுதிய அதே டேதான். குடியேற்றக் கதைக்கு இந்தச் சர்ச்சை முக்கியம். கடலுக்குப் போகவும் போகாமல் இருக்கவும் தெரிந்த மீனை ஓர் ஆற்றில் விட்டால், அது பக்கத்து ஆற்றுக்குத் தானாகவே போய்ச் சேரும். தெற்கு இந்தியப் பெருங்கடலில் நன்னீர் மீனே இல்லாதிருந்த கெர்கலென் தீவுகளில், 1950களில் பிரெஞ்சுக்காரர்கள் ஒருசில ஆறுகளில் விட்ட ட்ரவுட் கடல் வழியாகவே ஆறு ஆறாகப் பரவியிருக்கிறது.

ஆனால் தண்ணீர் விஷயத்தில் இந்த மீன் கறாரானது. இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் ஓர் ஓடையைப் பல பத்தாண்டுகள் விடாமல் ஆராய்ந்த ஜே.எம். எலியட்டின் கணக்குப்படி, அது வளர்வது சுமார் 4 முதல் 19 டிகிரி செல்சியஸ் வரைதான். வெப்பம் 25 டிகிரியை நெருங்கி நாள்கணக்கில் நீடித்தால் தாங்காது. முட்டைக்கு இன்னும் குளிர்ந்த நீர் வேண்டும். இலையுதிர் காலத்திலோ குளிர்காலத் தொடக்கத்திலோ பெண் மீன் ஒருக்களித்துப் படுத்து வாலால் சரளைக் கற்களை அடித்துக் குழி பறிக்கும். அதில் முட்டையிட்டு, மேலே மீண்டும் சரளையைத் தள்ளி மூடும். அந்தக் கற்களின் இடுக்கு வழியே பிராணவாயு நிறைந்த நீர் மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். வண்டல் படிந்து இடுக்குகள் அடைபட்டால் முட்டைகள் மூச்சடைத்துச் சாகும். ஆகவே இது எங்கும் நுழையக்கூடிய ஊடுருவி என்று சொல்ல முடியாது. நுழைய முடிந்த இடத்தில் விரைவாகக் காலூன்றும் என்று சொல்லலாம்.

‘வெறும் ஆறுகள்’ என்ற நம்பிக்கை

முதல் நிலைப்பாடு குடியேற்றியவர்களுடையது: தெற்கு நாடுகளின் ஆறுகளில் மீன் இல்லை, நாம் நிரப்புகிறோம். 1864-ல் ‘நார்ஃபோக்’ கப்பல் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவந்த சரக்கில் இந்த நம்பிக்கை தெளிவாகத் தெரிகிறது. முந்தைய முயற்சிகள் எல்லாம் வெப்பமண்டலத்தைக் கடக்கும்போது தோற்றுப்போயிருந்தன. இம்முறை ஜேம்ஸ் யூல் என்பவர், பனிக்கட்டி நிறுவனம் ஒன்றின் நிலவறையில் முன்கூட்டியே சோதித்துப் பார்த்த முறையைக் கையாண்டார். முட்டைகளை ஈரப்பாசியில் பொதிந்து, துளையிட்ட மரப்பெட்டிகளில் அடுக்கி, பெட்டிகளைக் கப்பலின் பனிக்கட்டி அறைக்குள் புதைத்தார்கள். முட்டை பொரிவது குளிரில் தள்ளிப்போகும் என்ற ஒரே உண்மையை நம்பிய ஏற்பாடு இது. அந்தச் சரக்கில் சால்மன் முட்டைகள் ஏறத்தாழ ஒரு லட்சம். ட்ரவுட் முட்டைகள் மூவாயிரத்துக்குள்தான். அவையும் நண்பர்கள் கூடுதலாகக் கொடுத்தனுப்பியவை. டாஸ்மேனியாவின் பிளெண்டி ஆற்றங்கரைக் குளங்களில் அந்த மே மாதம் சுமார் முந்நூறு ட்ரவுட் குஞ்சுகள் பொரிந்தன. பெரும்பொருள் செலவழித்துக் கொண்டுவந்த சால்மன்கள் கடலுக்குப் போயின, திரும்பவில்லை. கொசுறாக வந்த ட்ரவுட் நிலைத்தது.

அங்கிருந்து 1867-ல் நியூசிலாந்தின் கேன்டர்பரிக்குப் போன 800 முட்டைகளில் மூன்றே பொரிந்தன. அவையும் தப்பியோடி, பிறகு பிடிபட்ட இரண்டு ஆணும் பெண்ணுமாக இருந்தன என்பது அந்நாட்டில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை. இரண்டு மீன்களிலிருந்து ஒரு நாடே நிரம்பியதாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. தொடர்ந்து வந்த முட்டைகளும், அயல் உயிரினங்களைக் கொண்டுவந்து பழக்குவதற்காக உருவான பழக்குக் கழகங்கள் என்ற அமைப்புகளின் அயராத உழைப்புமே காரணம். அமெரிக்காவுக்கு 1883-ல் ஜெர்மனியின் பரோன் வான் பேர் அனுப்பிய முட்டைகளை நியூயார்க்கில் பெற்றுக்கொண்டவர் ஃப்ரெட் மேத்தர். அடுத்த ஆண்டே மிச்சிகனின் ஆற்றில் குஞ்சுகள் விடப்பட்டன. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1890-ல் போயிற்று. 1938-க்குள் ஐரோப்பாவுக்கு வெளியே குறைந்தது 24 நாடுகளில் இந்த மீன் விடப்பட்டிருந்தது.

இதை வெறும் ஏகாதிபத்தியக் கிறுக்கு என்று ஒதுக்குவது எளிது, ஆனால் போதாது. பிரிட்டனில் நல்ல ட்ரவுட் நீரெல்லாம் நிலப்பிரபுக்களின் உடைமை; ஏழை தூண்டில் போட்டால் திருட்டு. நியூசிலாந்துக்குக் குடியேறியவர்கள் உரிமக் கட்டணம் செலுத்திய எவரும் மீன்பிடிக்கலாம் என்ற ஏற்பாட்டை உண்டாக்கினார்கள். அந்த நாட்டில் ட்ரவுட்டை விற்பதற்கு இன்றும் தடை இருப்பதற்கும் வேர் அங்கேதான். பலவீனம் அந்த ‘வெறும்’ என்ற கணிப்பில் இருக்கிறது. ஆறுகள் காலியாக இருக்கவில்லை. விலாங்குகளும், விரல்நீளமே உள்ள, செதிலற்ற கேலக்சியாஸ் மீன்களும் அவற்றில் நிறைந்திருந்தன. மாவோரி மக்கள் அவற்றை உணவாகக் கொண்டிருந்தார்கள். கனவான்கள் தூண்டிலில் பிடித்துப் பெருமைப்படும் அளவில் அவை இல்லை என்பதுதான் அவை கணக்கில் வராததற்குக் காரணம்.

முதல் சந்தேகங்கள்

சந்தேகம் வந்தது ஒரு மீன் காணாமல் போனபோது. உபோகொரோரோ என்று மாவோரிகள் அழைத்த நியூசிலாந்து கிரேலிங், 19-ஆம் நூற்றாண்டில் ஆறுகளில் கூட்டங்கூட்டமாக ஏறிய மீன். 1920களின் கடைசியிலோ அதற்குச் சற்றுப் பின்னரோ அது மறைந்தது. அதற்கு முழுச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது 1951-ல். இல்லாத மீனைக் காக்கப் போட்ட சட்டம்! ட்ரவுட்தான் அதைத் தின்றது என்பது அன்றிலிருந்து பலர் சொல்லும் பதில். ஆனால் அதே ஆண்டுகளில் தாழ்நிலக் காடுகள் வெட்டப்பட்டன, சதுப்புகள் வடிக்கப்பட்டன. நோய் பரவியிருக்கலாம் என்றவர்களும் உண்டு. ட்ரவுட் எட்டாத சில ஆறுகளிலும் அது குறைந்ததாகக் குறிப்புகள் இருக்கின்றன. சாட்சி சொல்ல மீனே மிஞ்சாத நிலையில் இந்தக் குற்றச்சாட்டை நிரூபிக்கவும் முடியாது, தள்ளிவிடவும் முடியாது.

அடுத்த கேள்வி பசியைப் பற்றியது. வெலிங்டனுக்கு அருகிலுள்ள ஹோரோகிவி ஓடையில் கே. ராட்வே ஆலன் மீனையும் மீனுக்கு இரையாகும் பூச்சிப் புழுக்களையும் எண்ணிக் கணக்கிட்டு 1951-ல் வெளியிட்ட ஆய்வு, ட்ரவுட் ஆராய்ச்சியில் ஒரு மைல்கல். அதில் ஒரு புதிர் வெளிப்பட்டது. ஓடையடியில் எந்த நேரத்திலும் இருக்கும் இரையின் அளவை வைத்துப் பார்த்தால், அந்த மீன்கள் ஓராண்டில் தின்றாக வேண்டிய அளவு பல மடங்கு அதிகமாக இருந்தது. ‘ஆலன் முரண்’ என்று பெயர்பெற்ற இந்தப் புதிரை அவிழ்க்க நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1990களில் அலெக்ஸ் ஹ்யூரின் போன்றோர் காட்டிய விடை இது: இரை இருப்பை ஒருநாள் எண்ணுவது தவறு, அது ஆண்டு முழுவதும் எவ்வளவு உற்பத்தியாகிறது என்று பார்க்க வேண்டும், கரையிலிருந்து விழும் பூச்சிகளையும் சரளைக்கடியில் வாழ்பவற்றையும் சேர்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் கணக்கு ஏறத்தாழ நேராகிறது. நேராகும்போது இன்னொரு உண்மையும் வெளிவருகிறது: ஓடை உண்டாக்கும் இரை ஏறக்குறைய முழுவதையும் ட்ரவுட் தின்றுவிடுகிறது. அங்கே வாழ்ந்த சிறு மீன்களுக்கு மிச்சம் என்ன?

அருவிகள் தந்த சான்று

விவாதத்தின் போக்கை மாற்றியது நியூசிலாந்தின் ஒட்டாகோ பகுதியிலுள்ள டையரி ஆற்றுப் படுகை. காலின் டவுன்சென்டும் டாட் கிரௌலும் அங்கே 198 இடங்களில் மீன்களைக் கணக்கெடுத்து 1991-ல் வெளியிட்டார்கள். ட்ரவுட் இருந்த இடத்தில் பெரும்பாலும் கேலக்சியாஸ் இல்லை. கேலக்சியாஸ் இருந்த இடத்தில் ட்ரவுட் இல்லை. இரண்டையும் பிரித்தது நீரின் தரமோ காட்டின் அடர்த்தியோ அன்று. கீழே அருவி இருந்ததா என்பதுதான். ட்ரவுட்டால் ஏற முடியாத உயரத்தில் அருவி விழும் ஓடைகளில், அருவிக்கு மேலே மட்டும் சொந்த மீன்கள் எஞ்சியிருந்தன.

இந்தச் சான்றின் வலு அதன் எளிமையில் இருக்கிறது. மேலேயும் கீழேயும் ஒரே மலை, ஒரே மழை, ஒரே மேய்ச்சல் நிலம். நடுவில் சில மீட்டர் பாறை. நில மாற்றத்தைக் காரணம் காட்டுபவர்களுக்கு இதற்கு மறுமொழி சொல்வது கடினம்.

தொடர்ந்து வந்த சோதனைகள் மீனோடு நிற்கவில்லை. அலெக்ஸ் ஃபிளெக்கரும் டவுன்சென்டும் ஓடைக்குள்ளேயே செயற்கை வாய்க்கால்கள் அமைத்து, சிலவற்றில் ட்ரவுட்டையும் சிலவற்றில் கேலக்சியாஸையும் விட்டுப் பார்த்தார்கள். ட்ரவுட் இருந்த வாய்க்காலில் பூச்சிகள் குறைந்தன, கற்களில் பாசி கூடியது. ஆங்கஸ் மெக்கின்டாஷ் மேஃப்ளைப் புழுக்களை உற்றுப் பார்த்தார். கல்லின் மேற்பரப்பில் ஊர்ந்து பாசியைச் சுரண்டித் தின்னும் இந்தப் புழு, கேலக்சியாஸ் மட்டும் உள்ள ஓடையில் பகலிலும் மேலே வந்து மேய்கிறது. அந்த மீன் இருட்டில் தொடு உணர்வால் வேட்டையாடுவது என்பதால் பகலுக்குத் தனி அச்சம் இல்லை. ட்ரவுட் கண்ணால் பார்த்துப் பிடிப்பது. ட்ரவுட் உள்ள ஓடையில் அதே புழு பகலெல்லாம் கல்லுக்கடியில் பதுங்கி இரவில் மட்டும் வெளிவருகிறது. மேயும் நேரம் குறைகிறது, கல்லில் பாசி தடிக்கிறது. ஹ்யூரின் ஒப்பிட்ட இரண்டு ஓடைகளில், ட்ரவுட் உள்ள ஓடையின் ஆண்டுப் பாசி உற்பத்தி மற்றதைப்போல் ஆறு மடங்கு. மேலே வந்த ஒரு மீனால் அடியில் உள்ள பாசி வரை மாறுகிறது என்பதற்கு ஓடைச் சூழலியலில் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டுகள் குறைவு.

இதற்கிடையே மரபணு ஆய்வு பிரச்சினையின் தீவிரத்தையே கூட்டிவிட்டது. டையரிப் படுகையில் ஒரே கேலக்சியாஸ் இனம் என்று எண்ணப்பட்டது, 1990களின் பிற்பாதியில் பல இனங்களாகப் பிரிந்தது. ஆஸ்திரேலியாவில் 2014-ல் டார்மோ ராடிக் மலைக் கேலக்சியாஸை அப்படியே பிரித்துப் பல புதிய இனங்களை விவரித்தார். பரவலான ஒரு மீன் சில ஓடைகளில் குறைகிறது என்ற நிலை மாறி, ஒரே ஓடையில் மட்டும் உள்ள ஓர் இனம் அந்த ஓடையோடு போகும் என்ற நிலை வந்தது.

எதிர்வாதம்: எல்லாப் பழியும் ஒருவன் தலையில்

நியூசிலாந்து நன்னீர் மீன்களைத் தம் வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த ராபர்ட் மெக்டொவல், 2006-ல் தென்கோளம் முழுவதற்குமான சான்றுகளைத் தொகுத்து மதிப்பிட்டார். அவர் ட்ரவுட்டின் வக்கீல் அல்லர். இடம்பெயராத சிறு கேலக்சியாஸ் இனங்களுக்கு ட்ரவுட் பேராபத்து என்பதை ஏற்றார். ஆனால் எல்லா இனங்களுக்கும் எல்லா இடத்திலும் அதே சூத்திரத்தைப் போடக் கூடாது என்று எச்சரித்தார். கடலுக்கும் ஆற்றுக்கும் இடையே போய்வரும் இனங்களின் குஞ்சுகள் ஆண்டுதோறும் கடலிலிருந்து புதிதாக வருகின்றன. அவற்றின் சரிவில் காடழிப்பு, நீர் திருப்பல், அணைகள் ஆகியவற்றின் பங்கைப் பிரித்தெடுப்பது கடினம்.

இந்த வாதத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு டாஸ்மேனியாவின் பெடர் ஏரி. அங்கே மட்டும் இருந்த பெடர் கேலக்சியாஸ், 1972-ல் மின்திட்டத்துக்காக ஏரி மூழ்கடிக்கப்பட்ட பிறகு மளமளவெனச் சரிந்து, தன் சொந்த நீரிலிருந்து முற்றிலும் மறைந்தது. வேறு நீர்நிலைகளில் கொண்டுபோய் விட்டதால்தான் இனம் தப்பியது. ட்ரவுட் அதைத் தின்றது உண்மை. நீர்மட்டம் உயர்ந்து ட்ரவுட்டும் வேறொரு கேலக்சியாஸ் இனமும் உள்ளே வர வழி திறந்ததும் உண்மை. இங்கே அணையைக் குற்றம் சாட்டுவதா, மீனையா? இரண்டையும் தனித்தனியே எடைபோட முயல்வதே பிழை என்று தோன்றுகிறது.

டாவ்போ ஏரியில் இன்னொரு சிக்கல். நூற்றாண்டுகளாக அங்கே மாவோரிகள் பிடித்துவந்த கோஆரோ என்ற கேலக்சியாஸ் மீன்வளம், ட்ரவுட் வந்த பிறகு சிதைந்தது. ஆனால் அந்த ஏரியில் ஆதிக்கம் பெற்றது வட அமெரிக்காவின் வானவில் ட்ரவுட். ‘ட்ரவுட்’ என்று பொதுவாகச் சொல்லும் எழுத்துகளில் பழுப்பின் பங்கு எது, வானவில்லின் பங்கு எது என்பது பலமுறை கலந்துபோகிறது.

எதிர்வாதத்தின் பலவீனமும் சொல்லப்பட வேண்டும். ‘வாழிடம்தான் முதற்காரணம்’ என்பது பெரிய ஆறுகளில் பொருந்தலாம். டையரியின் அருவிகளை அது விளக்குவதில்லை. வேறு காரணங்களும் இருந்தன என்பதால் இந்தக் காரணம் இல்லை என்றாகாது.

காவலனாக ட்ரவுட்

தூண்டில்காரர்களின் இன்றைய வாதம் பழைய ‘வெறும் ஆறு’ வாதத்தைவிட நுட்பமானது. ட்ரவுட்டுக்குத் தூய, குளிர்ந்த, தடையின்றி ஓடும் நீர் வேண்டும். எனவே ட்ரவுட்டுக்காகப் போராடுபவர் ஆற்றுக்காகவும் போராடுகிறார். இதில் வரலாற்று உண்மை இருக்கிறது. நியூசிலாந்தில் ஆறுகளை அணைகளிலிருந்து காக்கும் நீர்ப் பாதுகாப்பு ஆணைகளுக்கு 1981-ன் சட்டத் திருத்தம் வழிவகுத்தபோது, பின்னின்று உழைத்தவர்களில் பழக்குக் கழகத்தினர் முன்வரிசையில் இருந்தார்கள். 1988-ல் ரகாயா ஆற்றுக்குக் கிடைத்த ஆணை அந்த வழியில் வந்தது. மீன் அயல் என்பதற்காக அதன் நண்பர்களின் உழைப்பைத் தள்ளிவிட முடியாது.

ஆயினும் ட்ரவுட்டுக்கு நல்ல ஆறு கேலக்சியாஸுக்கும் நல்ல ஆறு என்று இதிலிருந்து பெறப்படாது. ட்ரவுட்டுக்காக ஓடையின் தடைகளை அகற்றினால், அருவிக்கு மேலே ஒளிந்திருந்த மீனுக்கு அதுவே முடிவு.

வடகோளத்தில் வேறொரு கணக்கு

அமெரிக்காவில் பாதிக்கப்பட்டவை பெரும்பாலும் ட்ரவுட்டின் உறவுக்காரர்களே. மிச்சிகனில் கர்ட் ஃபாஷும் ரே வைட்டும் பழுப்பு ட்ரவுட்டை அகற்றிப் பார்த்தபோது, உள்ளூர் புரூக் ட்ரவுட் நல்ல ஓய்விடங்களுக்கு நகர்ந்தது என்பதை 1981-ல் காட்டினார்கள். இடத்துக்கான போட்டியின் நேரடிச் சான்று அது. தாயகமான ஐரோப்பாவிலும் இந்த மீன் நிரபராதியாக இல்லை. ஸ்லோவேனியாவின் சோச்சா ஆற்றின் பளிங்கு ட்ரவுட், வடக்கிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட பழுப்பு ட்ரவுட்டோடு கலந்து, தூய வடிவில் சில மேலோடைகளில் மட்டும் மிஞ்சியது. ஐரோப்பாவுக்குள்ளேயே ஒரு வம்சாவளியை இன்னொன்றின் ஆற்றில் விட்டது அயல் குடியேற்றம்தானா என்று கேட்டால், மரபியலாளர்கள் பெரும்பாலும் ஆம் என்பார்கள். சட்டங்கள் அப்படிப் பார்ப்பது அரிது.

இந்தியாவுக்கு வந்தால், நீலகிரியில் 1860களில் பிரான்சிஸ் டே முயன்றும் ட்ரவுட் பிடிக்கவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சனின் முயற்சியில் அவலாஞ்சியில் பொரிப்பகம் வந்தது. நிலைத்ததோ வானவில் ட்ரவுட். காஷ்மீரில் 1900-ல் வந்த முட்டைகளால் பழுப்பு ட்ரவுட்டே ஊன்றிக்கொண்டது. அங்கே அதன் எதிரில் இருப்பது ஷைசோதொராக்ஸ் பேரினத்தைச் சேர்ந்த பனி ட்ரவுட். பெயர் அப்படியே தவிர, அது கெண்டைக் குடும்பம். அதன் சரிவுக்குப் பழுப்பு ட்ரவுட்டும் காரணமாகச் சொல்லப்படுகிறது. டையரியில் நடந்ததுபோல் அருவிக்கு மேலும் கீழும் ஒப்பிட்ட ஆய்வு இமயமலையிலும் தேவை. அது வரும்வரை அதிகப்பிடிப்பு, அணைகள், ட்ரவுட் ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் அடுக்குவதைத் தாண்ட முடியாது.

தீராதவை

சான்றுகளை ஒருசேரப் பார்த்தால் சில முடிவுகள் உறுதியானவை. சிற்றோடைகளில் வாழும், இடம்பெயராத சிறு மீன்களைப் பழுப்பு ட்ரவுட் துரத்திவிடுகிறது. ஓடையின் உணவுச் சங்கிலியை அடிவரை மாற்றுகிறது. பெரிய ஆறுகளிலும் ஏரிகளிலும் அதன் தனிப் பங்கை அளக்க, அது வருமுன் எடுத்த கணக்கு இல்லை. இனிக் கிடைக்கப்போவதும் இல்லை. கிரேலிங் பற்றிய கேள்வி அப்படியே நிற்கக்கூடும்.

நடைமுறைக் கேள்விகள்தான் இன்னும் கடினம். அருவி காத்த மீனைக் காக்க, அருவி இல்லாத இடத்தில் தடுப்பு கட்டலாம். மேலேயுள்ள ட்ரவுட்டை அகற்றிவிட்டுச் சொந்த மீனைக் கொண்டுபோய் விடலாம். டாஸ்மேனியாவின் ஸ்வான் கேலக்சியாஸுக்கு இந்த வகையில் ட்ரவுட் இல்லாத ஓடைகள் தேடப்பட்டன. ஆனால் தடுப்புக்குப் பின்னால் அடைபட்ட கூட்டம் சிறியது. ஒரு காட்டுத்தீ, ஒரு வறட்சி போதும். ஆஸ்திரேலியாவின் டான்டங்காரா ஓடையில் மட்டும் உள்ள கேலக்சியாஸ், 2019-20 தீயின்போது அந்த அபாயத்தை நேரில் சந்தித்தது. ஊடுருவலுக்கும் தனிமைப்படுத்தலுக்கும் இடையே எதைத் தேர்வது என்ற இந்தச் சிக்கலை ஃபாஷும் அவர் சகாக்களும் 2009-ல் விரிவாக எழுதினார்கள். ஒவ்வொரு நீர்நிலைக்கும் தனித்தனி விடை என்பதற்கு மேல் அவர்களாலும் போக முடியவில்லை.

கொல்வதிலும் எல்லோரும் உடன்படவில்லை. கொலராடோ ஆற்றின் கிராண்ட் கேன்யனில் கூன்முதுகுச் சப் மீனைக் காக்க ட்ரவுட்டுகளை மின்சாரம் பாய்ச்சிப் பிடித்து அகற்றியபோது, அந்த இடத்தைப் புனிதமாகக் கருதும் சூனி மக்கள், உயிர்களை அப்படிக் கொன்று குவிப்பதை எதிர்த்தார்கள். பிற்பாடு பிடித்த மீன்களை உணவாக்கும் ஏற்பாடுகள் வந்தன. மண்ணின் மீனைக் காக்கும் பணியை மண்ணின் மக்களே எதிர்த்தது, ‘அயல்–சொந்தம்’ என்ற கோட்டை அவ்வளவு நேராகப் போட முடியாது என்பதைக் காட்டுகிறது.

வெப்பமேற்றம் இன்னொரு திசையில் இழுக்கிறது. தாழ்நில ஆறுகள் 20 டிகிரியைத் தாண்டும் நாட்கள் கூடக்கூட, ட்ரவுட் மேலே நகரும். மேலேதான் கேலக்சியாஸ் எஞ்சியிருக்கிறது. அதே வேளையில் நியூசிலாந்தில் வைட்பெயிட் என்று பிடிக்கப்படும் ஐந்து கேலக்சியாஸ் இனங்கள் கடலிலிருந்து ஓடைக்கு ஏறியாக வேண்டும். ட்ரவுட்டை நிறுத்தும் தடுப்பு அவற்றில் சிலவற்றையும் நிறுத்தும். ஈரப்பாறையில் ஊர்ந்து ஏறத் தெரிந்த கோஆரோ போன்றவை தப்பலாம், தாழ்நில இனாங்கா தப்பாது. எந்த ஓடையில் தடுப்பு வேண்டும், எதில் கூடாது என்பதைத் தீர்மானிக்க, அங்கே இப்போது எந்த மீன் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்ற கணக்கு முதலில் வேண்டும்.